ஒரு ‘ங்க’ படுத்திய பாடு

சினிமாவில் ஒருவன் கோயமுத்தூர்க்காரன் என்று காட்ட இப்போது ஒரு சுலபமான வழி வைத்திருக்கிறார்கள். அவன் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் அதன் வாலில் ஒரு ‘ங்க’வை ஒட்டிவிடுகிறார்கள். நாயை விரட்டினாலும் ‘ங்க’, தும்மினாலும் ‘ங்க’. போன மாதம் அப்படி ஒரு படத்துக்கு என்னை அழைத்துப்போன ஒலிப்பதிவுத் தம்பிகள், நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்துவிட்டு, “ஏன் சார், உங்க ஊர்ப் பேச்சுதானே?” என்றார்கள். எங்கள் ஊர்ப் பேச்சுதான். ஆனால் ‘ங்க’ என்பது கடைசியில் தூவி இறக்குகிற கொத்தமல்லித்தழை அல்ல. யார் யாருக்குப் போடுவார், யார் யாருக்குப் போடவே மாட்டார் என்று அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை நான் 1930களில், மூங்கில் கழியின் நுனியில் மைக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு நின்ற நாட்களில் தெரிந்துகொண்டேன். எங்கள் ஒலிப்பதிவாளர் சங்கத்து ஆண்டு மலருக்கு அதை எழுதிக் கொடுங்கள் என்று தம்பிகள் பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன், பிறகு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் கணபதிக்காரன். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். என்னையும் ஆலையில் நுழைத்துவிட அவர் மேஸ்திரியைப் பார்த்துப் பேசி முடித்திருந்த வாரத்தில், ஊருக்குக் கிழக்கே சோளக்காட்டு நடுவில் ஒரு பேசும்பட ஸ்டுடியோ எழும்பியது. எலெக்ட்ரிக் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சைக்கிளை மிதித்தேன். ஒரு வருஷம் ஒயர் சுருட்டினேன். அடுத்த வருஷம் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பிறகு, கை நடுங்காமல் கழி பிடிப்பான் என்று மைக் கொடுத்தார்கள். என் படிப்பு அவ்வளவுதான். ஓய்வு பெறும்போது ஒலிப்பதிவாளர் என்று போட்டுச் சால்வை போர்த்தினார்கள், அது வேறு விஷயம்.

மைக்கைக் கொடுத்தவர் பம்பாயிலிருந்து வந்த பாட்கர் சாஹேப். மராத்திக்காரர். ஸ்டுடியோ வாசலில் நின்ற ஒலிப்பதிவு வண்டிக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். காதில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டால் சாமி கும்பிடுகிறார் என்றே தோன்றும். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘தண்ணி’, ‘போதும்’ என்ற இரண்டு சொற்கள். ஆனால் தமிழ்ப் படத்தில் எது நல்ல டேக் என்று தீர்ப்புச் சொல்ல அதுவே தாராளம் என்று நம்பினார். அர்த்தம் டைரக்டருக்கு, சத்தம் எனக்கு என்பார். சத்தம் சரியாக விழுந்துவிட்டால், வண்டியின் ஜன்னலில் பொருத்தியிருந்த சைக்கிள் மணியை ‘கிணிங்’ என்று ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் ஓகே. சரியில்லை என்றால் ‘என்.ஜி.!’ என்று கத்துவார். ‘நோ குட்’ என்பதன் சுருக்கம் அது. டைரக்டர்களும் அதே சொல்லைத்தான் கத்துவார்கள்.

இந்த ‘என்.ஜி.’ எங்கள் ஊர்க்காரர்களிடம் பட்ட பாடு தனி. எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட ‘ஏனுங்க’ என்போம். சாஹேப் தூரத்திலிருந்து ‘என்.ஜி.!’ என்று கத்த, அது ‘ஏனுங்க’ என்று காதில் விழுந்து, தச்சுவேலைக்காரர், வண்ணம் அடிப்பவர், கிணற்றில் நீர் இறைப்பவர் என்று நாலு பேர் “வாரேனுங்க!” என்று ஓடிவந்து நிற்பார்கள். ‘இந்த ஊரில் தப்பு நடந்தால் எல்லோரும் எவ்வளவு பொறுப்பாக ஓடிவருகிறார்கள்’ என்று சாஹேப் பம்பாய்க்குக் கடிதம் எழுதினாராம்.

அந்தக் காலத்தில் படம் எடுத்த பிறகு தனியாகப் பேசிச் சேர்க்கும் வித்தை எல்லாம் எங்களிடம் கிடையாது. நடிக்கும்போது பேசியதுதான் பேச்சு. அதனால் சாஹேப் டேக்குக்கு முன்னால் எல்லோரையும் நடக்கவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். வளையல் குலுங்கினால் நூல் சுற்ற வேண்டும். மெட்டி தட்டினால் துணி கட்ட வேண்டும். கஞ்சி போட்ட வேட்டி என்றால் ஆளே உள்ளே வரக் கூடாது, மைக்குக்கு அது தகரம் கிழிகிற சத்தம். ஆலைச் சங்கு ஊதி ஓயும்வரை வேலை இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேசுகிற வாயைத் தேடி மைக்கை நீட்டுவேன். நிழல் விழுந்தால் கேமராக்காரர் திட்டுவார், தூரம் போனால் சாஹேப் திட்டுவார். மொத்தத்தில் திட்டு நிச்சயம்.

இப்படி இருக்கும்போது அந்தப் படம் வந்தது. மூலம் உள்ளூர் வக்கீல் ஒருவர் எழுதிய கேலி நாவல். பெயரைச் சொன்னால் அவருடைய வாரிசுகள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். கதை இதுதான்: ஒரு ராஜ்யத்தில் பெண்கள் தர்பாருக்குப் போகிறார்கள், ஆண்கள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிறார்கள். கல்யாணமான ஆண்கள்தான் மெட்டி போட வேண்டும். அந்நிய ஸ்திரீ வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேச வேண்டும். ஊரில் அந்த நாவலைப் படிக்காத ஆண் இல்லை, படித்ததாக ஒப்புக்கொண்ட ஆணும் இல்லை. அதைப் படமாக்கப் போகிறார்கள் என்றதும் கடைவீதியில் நோட்டீஸ் அடித்து ஒட்டினார்கள். ‘மானமுள்ள புருஷர்களே!’ என்று தொடங்கும். மானமுள்ளவர்கள் எல்லாம் நின்று படித்துவிட்டு, படம் எப்போது வரும் என்று எங்களிடமே விசாரித்தார்கள்.

படத்துக்குப் பணம் போட்டவர் ஒரு பண்ணாடி. எங்கள் பக்கத்தில் பண்ணாடி என்றால் காடு தோட்டம் உள்ள பெரிய விவசாயி. இவருக்குப் பஞ்சாலையிலும் பங்கு இருந்தது. நாவலைப் படிக்காமல் பணத்தைப் போட்டுவிட்டார். நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஒறம்பரைகள், அதாவது சொந்தக்காரர்கள், எல்லாம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்ததில் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. “எடுக்கறத எடுங்க. நான் பார்த்துப்போட்டுத்தான் வெளிய விடோணும்” என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டார். டைரக்டர் கும்பகோணம் பக்கம். நாவலின் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

கதாநாயகி தெய்வாத்தாள். கிணத்துக்கடவுப் பக்கம் பிறந்து, நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டிக்கொண்டிருந்தவர். கிரீடமும் கத்தியுமாக மேடையில் நின்று “அடேய் மூடா!” என்றால் மண்ணெண்ணெய் விளக்கு ஆடும். எங்கள் தெருவில்தான் வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்தார். நான் ‘அக்கா’ என்று கூப்பிடுவேன். அவர் கதை தெருவுக்கே தெரியும். புருஷன் அடித்து விரட்டியதால் நாடகத்துக்கு வந்தவர். இப்போது நாடகக் கம்பெனியும் கலைந்துவிட்டது. புருஷன் திரும்பி வரச்சொல்லி நல்லநாள் பார்த்து ஆளனுப்பிக்கொண்டிருந்தான்.

“இந்த வேசம் நெலைச்சுதுன்னா இப்படியே பொழைச்சுக்குவேன் தம்பி. போச்சுன்னா, வேறெங்கீங்க போறது? திரும்ப அவருங்க ஊட்டுக்குத்தான் போகோணும். அவருங்களுக்கு அடிக்கற கையி நீளம்” என்றார் ஒரு நாள்.

அடித்தவனுக்கும் ‘ங்க’. அதை அன்றே கவனித்தேன். ஆனால் அந்த ‘ங்க’ எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தப்போகிறது என்று அப்போது தெரியாது.

படத்தின் முக்கியமான காட்சி. மந்திரியம்மா தர்பாரிலிருந்து வீடு திரும்புகிறாள். புருஷனாக நடித்தவர் குப்புசாமியண்ணன். நாடகக் கம்பெனியில் அக்காவுக்கு மூத்தவர், நல்ல சரீரம், நல்ல மீசை. மெட்டி போட ஒப்புக்கொண்டவர் மீசையை எடுக்க மட்டும் ஒப்பவில்லை. அவர் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, “ஏனுங்க, வந்துட்டீங்களா? கால் கழுவத் தண்ணி வெச்சிருக்கறனுங்க” என்று சொல்ல வேண்டும். அவள், “ஏண்டா, சோறு ஆக்கிப்போட்டயா?” என்று கேட்க வேண்டும். “ரசம் இன்னும் கொதிக்கலீங்க” என்பார். “போடா உள்ளே!” என்று அவள் அதட்ட வேண்டும். இவ்வளவுதான்.

அன்று பார்த்துப் பண்ணாடி படப்பிடிப்பைப் பார்க்க வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உடம்பு முழுக்கக் கஞ்சி. அவர் கால்மேல் கால் போட்டதும் வண்டிக்குள்ளிருந்து சாஹேப் அலறினார். முதலாளியிடம் போய்ச் சொல்ல வேண்டிய பாக்கியம் எனக்கு வாய்த்தது.

“ஏனுங்க பண்ணாடி, உங்க வேட்டி சத்தம் போடுதுங்க.”

“என்ற வேட்டியா? என்னன்னு சத்தம் போடுது?”

“மொடமொடன்னு போடுதுங்க.”

கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீரை அவர் மடியில் தெளித்துத்தான் காட்சியைத் தொடங்கினோம். நனைந்த வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்தால், படத்தின் தலையெழுத்து அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கு எரிந்தது. அக்கா நடந்து வந்தார். என்ன நடை! தோளில் அங்கவஸ்திரம், முகத்தில் ராஜ களை. குப்புசாமியண்ணன் ஓடிவந்து தண்ணீர் வைத்ததைச் சொன்னார். அக்கா கண்ணை உருட்டி, “ஏண்டா, சோறு ஆக்கிப்போட்டயாங்க?” என்றார்.

“என்.ஜி.!” என்றார் டைரக்டர்.

“ஏனுங்க?” என்றார் அக்கா.

“‘ங்க’ வேண்டாம்மா!”

“செரிங்க.”

மறுபடி விளக்கு. மறுபடி நடை. இந்த முறை சோறு தப்பியது. எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், “போடாங்க உள்ளே!” என்று ஒரே போடு. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அதே நேரத்தில் வண்டியிலிருந்து ‘கிணிங்’ என்று மணி கேட்டது. சாஹேபுக்கு அப்படி ஒரு சந்தோஷம். சத்தம் முத்துமுத்தாக விழுந்திருக்கிறதாம், இதைக் கட்டாயம் பிரிண்ட் போட வேண்டுமாம். அர்த்தம் அவர் இலாகா இல்லையே.

“என்னம்மா நீ, புருஷனை அதட்டச் சொன்னா விருந்துக்குக் கூப்பிடறே!” என்று டைரக்டர் அழாக்குறையாகக் கேட்டார்.

“நாடகத்துப் பேச்சா இருந்தா வந்துருதுங்க. இது ஊட்டுப் பேச்சாட்ட இருக்குதுங்களா, நாக்கு தானாப் போட்டுப்போடுதுங்க. அண்ணன் வேற பெரியவருங்க.”

எத்தனையோ முறை எடுத்தோம். ஒரு முறை ‘ங்க’வை வாய்க்குள்ளேயே கடித்து விழுங்கினார், விக்கல் வந்துவிட்டது. கடைசியில் டைரக்டர், நாளைக்கும் இப்படி என்றால் மதராஸிலிருந்து வேறு நடிகையை வரவழைப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அக்கா அழவில்லை. அங்கவஸ்திரத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய் நின்றார். நானும் பின்னால் போனேன். “என்னை வெச்சுப் பழகுங்கக்கா, வாடா போடான்னு திட்டுங்க” என்றேன். அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “வாடா தம்பீங்க” என்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் கவலை இழுத்துக் கிணற்று நீர் இறைத்துவிட்டு வந்த மயிலைக் காளை ஒன்று தொட்டியில் வாயை வைத்தது. அக்கா திரும்பிப் பார்க்காமலே, “ஏண்டா, அக்கட்டால போடா!” என்றார். சுத்தமாக, கணீரென்று, ‘ங்க’ இல்லாமல். நான் டைரக்டரைத் தேடி ஓடினேன்.

மறுநாள் குப்புசாமியண்ணனின் முதுகுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் அந்த மயிலைக் காளை நின்றது. கழுத்து மணியைக் கழற்றியிருந்தோம், அசை போடாமல் இருக்க வாய்க்கூடையும் கட்டியிருந்தோம். அக்கா அண்ணன் தோளுக்கு மேலே காளையின் கண்ணைப் பார்த்து, “ஏண்டா, சோறு ஆக்கிப்போட்டயா?” என்றார். “போடா உள்ளே!” என்றார். காளை நிஜமாகவே பயந்து ஓர் அடி பின்னால் போயிற்று. டைரக்டர் குதித்தார், சாஹேப் மணி அடித்தார். அண்ணன் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு, “அப்ப இத்தனை நேரம் நீ எங்கூடப் பேசலியா அம்மணி?” என்று கேட்டார். அன்று மத்தியானம் அவர் யாரோடும் சேர்ந்து சாப்பிடவில்லை.

ஆயிற்று, பிழைத்தோம் என்று நினைத்தோம். அடுத்த வாரம் பண்ணாடி அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னார். கஞ்சி இல்லாத வேட்டியில் வந்தார். கூடவே அவர் சம்சாரமும் வந்திருந்தார். பேசும்படம் எப்படிப் பேசுகிறது என்று பார்க்க வேண்டுமாம். ஸ்டுடியோவில் படம் போட்டுப் பார்க்கும் சின்ன அறையில் அவர்கள் முன்னால் உட்கார, டைரக்டரும் சாஹேபும் நானும் பின்னால். தெய்வாத்தாள் அக்கா வாசலில் நின்றுகொண்டார்.

காளையைப் பார்த்துப் பேசிய டேக் ஓடியது. “போடா உள்ளே!” என்று அறை அதிர்ந்ததும் பண்ணாடி எழுந்துவிட்டார்.

“நிறுத்துங்க. என்ற காசுல ஒரு பொம்பள கட்டுனவனை ‘டா’ங்கறதா? நாளைக்கு நான் ஒறம்பரை மொகத்துல முழிக்க வேண்டாமுங்களா? இந்தப் பொம்பளை ஆகாதுங்க. அடக்கமானவளாப் பார்த்து, மரியாதையாப் பேசற மாதிரி வேற எடுங்க.”

நான் வாசலைப் பார்த்தேன். அக்கா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நீளக் கை ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் படம் ஓட்டுபவர் நிறுத்தச் சொன்னது காதில் விழாமல் மேலே ஓட்டிக்கொண்டிருந்தார். சாஹேப் ஆசைப்பட்டுப் பிரிண்ட் போட்ட அந்த டேக் அதே சுருளில் ஒட்டியிருந்தது. திரையில் மந்திரியம்மா மறுபடி நடந்து வந்து, மறுபடி கண்ணை உருட்டி, “போடாங்க உள்ளே!” என்றாள்.

களுக் என்று ஒரு சிரிப்புக் கேட்டது. பண்ணாடியின் சம்சாரம். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்கவில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பண்ணாடி அவரையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இப்ப என்ன சொன்னா அவ?”

“போடாங்கன்னு சொல்லுதுங்க” என்றேன் நான்.

“‘ங்க’ போட்டாளா?”

“போட்டாங்க.”

அவர் மெதுவாக உட்கார்ந்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். பிறகு தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். “இதைய மொதல்லயே காட்டியிருக்கலாமில்லீங்க? ‘டா’ன்னு சொன்னாலும் பின்னாலயே ‘ங்க’ போட்டுப்போடறா பாருங்க, அதுதானுங்க நம்மூர்ப் பொம்பளை! மரியாதைக்குக் கொறைச்சலில்லை. இந்தப் பொண்ணே இருக்கட்டும். படம் பூராவும் இப்படியே பேசச் சொல்லுங்க.”

டைரக்டருக்கு முகம் செத்துவிட்டது. நாவலின் முதுகெலும்பே அந்த மொட்டை ‘டா’வில்தான் இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, பண்ணாடியின் சம்சாரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏனம்மிணி, ராஜ்யமே கையில இருந்தும் அந்தப் பொம்பள கட்டுனவனுக்கு ஒரு ‘ங்க’ போடறாளே! இத்தனை வருசத்துல இந்த மனுசன் எனக்கு ஒண்ணு போட்டதுண்டா?” என்றார்.

டைரக்டர் அப்படியே நின்றுவிட்டார். வெளியே பண்ணாடி காரில் ஏறிக்கொண்டிருந்தார். சம்சாரத்தைப் பார்த்து “ஏறு” என்றார். டிரைவரைப் பார்த்து “வண்டிய எடுங்க” என்றார். அதையும் டைரக்டர் கேட்டார். அதற்குப் பிறகு ‘ங்க’ வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. எழுதியிருந்த வசனத்துக்கெல்லாம் அவரே வால் ஒட்டினார். அக்காவுக்கு வாய் திறந்தால் போதும் என்றாயிற்று. குப்புசாமியண்ணனும் காளையை வெளியே அனுப்பிய பிறகு சமாதானமாகிவிட்டார்.

படம் வந்தபோது நோட்டீஸ்காரர்கள் கொட்டகை வாசலில் கூடினார்கள். பண்ணாடியே வாசலில் நின்று, “உள்ள வந்து பாருங்க, மரியாதை அப்படியே இருக்குதுங்க” என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார். உள்ளே போனவர்கள் “போடாங்க”வுக்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, தடுப்புக்கு அந்தப்பக்கம் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இன்னொரு சிரிப்பு வரும். அது சற்று நீளமான சிரிப்பு. எதற்கு என்று ஆண்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் தெரியாது.

அக்காவுக்கு அடுத்த படமும் எங்களிடமே கிடைத்தது. அதற்கு ஒத்திகை நடந்த ஒரு காலையில், நான் ஸ்டுடியோ முற்றத்தில் புது மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். சாஹேப் வண்டிக்குள் ஹெட்போனோடு கண்ணை மூடியிருந்தார். வாசல் காவலாளியைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். சலவை வேட்டி, பின்னால் உறவுக்காரர்கள் இரண்டு பேர். அக்காவின் புருஷன். இவ்வளவு நாளும் ஆளனுப்பியவர், படம் நன்றாக ஓடுகிறது என்றதும் தானே வந்துவிட்டார்.

“ஏ புள்ளே, ஆடுனது போதும். பெட்டியக் கட்டு, ஊட்டுக்கு வா” என்றார்.

என் கையிலிருந்த மைக் கழி தானாக அவர்கள் பக்கம் சாய்ந்தது. அக்கா ஒத்திகைக்கு ராஜா தலைப்பாகை கட்டியிருந்தார். அதை ஒரு கையால் சரிசெய்துகொண்டு, இரண்டடி முன்னால் வந்தார்.

“ஏனுங்க, காப்பி குடிச்சீங்களா?”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இன்னுமில்லை.”

“அப்பறம் இங்கெதுக்கு நிக்கறீங்க? போடாங்க.”

கத்தவில்லை. கண்ணை உருட்டவில்லை. வீட்டுக்கு வந்தவரை வழியனுப்புகிற குரலில்தான் சொன்னார். பார்த்துப் பேச அங்கே காளையும் இல்லை. வண்டிக்குள்ளிருந்து ‘கிணிங்’ என்று மணி அடித்தது.

அவர் மணி வந்த திசையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலைப்பாகையைப் பார்த்தார். பிறகு, எங்கள் ஊரில் பிறந்த நாக்கு வேறென்ன செய்யும், “செரிங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கட்டிய நாளிலிருந்து அவர் தனக்குப் போட்ட முதல் ‘ங்க’ அதுதான் என்று அக்கா பிறகு சொன்னார்.